முத்துத்தாயின் ஈப்பொறி

காசிமாயனுக்கு வாய் கொஞ்சம் நீளம். சமயநல்லூர் பக்கம் இரண்டு ஏக்கர் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற மனிதருக்கு அவ்வளவு வாய் ஆகாதுதான்.

பக்கத்து முக்கால் ஏக்கர் முத்துத்தாயுடையது. மூன்று வருஷம் முன்புவரை இவர் தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தவள். சொந்தமாக நிலம் வாங்கிக் கொய்யா வைத்தவள், இந்தக் காய்ப்புக்கு வேலியோரமாக ஆறு பிளாஸ்டிக் டப்பாக்களில் ஈயை இழுக்கும் வாசனை மருந்து வைத்துத் தொங்கவிட்டாள். ஒரே வாரத்தில் டப்பாவெல்லாம் பழுப்பு நிறத்தில் பொடி ஈ நிரம்பிவிட்டது. அதைப் பார்த்ததும் காசிமாயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் சொசைட்டி வாசலில் இருபது பேர் கேனோடு நிற்கும்போது முத்துத்தாயிடம் பொரிந்து தள்ளிவிட்டார்.

"வாசத்தக் காட்டி ஊரு ஈயப் பூராம் எந்தோப்புக்கு இழுத்துவிட்டுட்டியே! வெவசாயம்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். இவர் விடவில்லை. சாயங்காலமே அவள் டப்பாக்களைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த சில வாரங்களில் இவர் தோப்பில் எந்தப் பழத்தைப் பிட்டாலும் புழு நெளிந்தது. சாட்சிக்கென்று அவளிடம் வாங்கி வைத்திருந்த ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, மதுரையில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் சுபலட்சுமியிடம் போனார். முத்துத்தாய் வரவழைத்த ஈதான் என்று எழுதி வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சுபலட்சுமி ஈக்களை வெள்ளைத் தாளில் கொட்டி, லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பழ ஈதான். ஆனா வால் நுனியப் பாருங்க. பெண் ஈக்கு ஊசி கணக்கா நீட்டிக்கிட்டு இருக்கும். அதாலதான் பழத்தக் குத்தி முட்டை வைக்கும். இதுல ஒண்ணுக்குக்கூட அது இல்லையே. அம்புட்டும் ஆண்."

"ஆணுன்னா?"

"அது பழத்தக் குத்தாது. இந்த மருந்துக்கு ஆண் ஈதான் வரும். வந்து விழுந்து செத்துட்டா, பெண் ஈக்கு ஜோடி இருக்காது, முட்டை பொரியாது. உங்க தோப்பு ஈயும் சேர்ந்துதான் இதுல விழுந்திருக்கு. பொறி வச்சவங்க உங்களுக்கும் நல்லதுதான் பண்ணியிருக்காங்க. ஏன் கழட்டுனாங்க?"

காசிமாயன் காலி டப்பாவை எடுத்துக்கொண்டார். என்னமோ முனகிவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்தும் முகம் எரிந்தது. அதே டப்பாவைத் தன் சம்பந்தி தொங்கவிட்டிருந்தால் இப்படிக் கத்தியிருப்போமா? "இது என்ன மருந்து சம்பந்தி?" என்று கேட்டிருப்போம். வேலியோரம் ஆளில்லாத நேரமாகப் போய், அவளிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

மறுநாள் காலை, அதே சொசைட்டி வாசல். முத்துத்தாயும் வரிசையில் நின்றாள்.

"முத்துத்தாயி மேல தப்பில்லப்பா. அவ வச்ச பொறி ஈயக் கொல்றதுக்குத்தான். தெரியாம நாந்தேன் பேசிட்டேன். மன்னிச்சுக்க தாயி."

பின்னால் நின்ற ஜெயக்கொடி அவரைத் தேற்றப் பார்த்தான். "அட விடுங்கண்ணே. எங்க மாமனாரு தோப்புலயும் அதான தொங்குது. எங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

முத்துத்தாய் காசிமாயனைப் பார்க்கவில்லை. ஜெயக்கொடியைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா அன்னைக்குச் சும்மா நின்னீக?"

வரிசையில் நின்ற எல்லோரும் தங்கள் கேனைக் குனிந்து பார்த்தார்கள். தன் முகத்தை முறிக்க மனமில்லாமல்தான் அத்தனை பேரும் அன்றைக்கு வாயடைத்து நின்றார்கள் என்று விளங்கியபோது, காசிமாயனுக்குக் கேட்ட மன்னிப்பே கூசியது.