துவைத்த கூடாரம்

கூடாரம் மச்சானுடையது. பரணில் கிடந்து பூஞ்சை வாடை பிடித்திருந்தது. சலவைக்கடைக்காரன் அதை அப்படியே எடுத்துப் போவானா? பெரிய எந்திரத்தில் போட்டு வெந்நீரில் துவைத்தான். நீராவிப் பெட்டியால் தேய்த்து, சட்டை போல மடித்து வைத்தான்.

"அண்ணனுக்கே அடையாளம் தெரியாது," என்றாள் மனைவி.

கடையைச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் பூட்டியதே இல்லை. மகள் பிறந்த அன்றுகூட மத்தியானத்துக்கு மேல் திறந்தான். இந்த முறை மனைவி கேட்டது கடற்கரையில் இரண்டு ராத்திரி. வேறொன்றும் கேட்கவில்லை.

அடுப்பையும் படுக்கையையும் ஏற்றிக்கொண்டு கடை வண்டியிலேயே வந்தார்கள். மணல் பாதையும் முடிந்த இடத்தில் கடல் இருந்தது. வேறு யாரும் இல்லை. அவன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கரையோரம் நடந்தான்.

"அப்பா கடல்கிட்ட சிக்னல் கேக்கறாரு," என்றாள் மகள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மூவரும் கூடாரத்துக்குள் ஓடினார்கள். சற்று நேரத்தில் மகளின் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

"அப்பா, ஒழுகுது."

"இது ஒழுகாது. மழைக்குன்னே செஞ்சது."

அடுத்த சொட்டு அவன் மூக்கில் விழுந்தது. துணியைத் தடவிப் பார்த்தான். தண்ணீர் புகாமலிருக்கப் பூசியிருந்த பூச்சு விரலுக்குத் தட்டுப்படவே இல்லை.

"எவ்வளவு சூடு வெச்சீங்க?" என்றாள் மனைவி.

"பெட்ஷீட்டுக்கு வெக்கிறதுதான். வாடை போகணும்ல?"

"போயிடுச்சு. எல்லாமே போயிடுச்சு."

"மாமா கேட்டா, துணியே அப்படித்தான் சார்னு சொல்லிடுங்கப்பா," என்றாள் மகள். "கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரி."

அவன் சிரிக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்தான்.

"கிளம்பிடலாம். இப்ப எடுத்தா வீட்டுக்குப் போய்ப் படுத்துடலாம். காலையில..."

"காலையில?"

"ஒண்ணுமில்ல."

"கடையத் திறந்துடலாம். அதானே?"

அவன் சாவியை விரலில் சுழற்றினான்.

"நீங்க போங்க," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம். நாளன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

குரலை உயர்த்தவில்லை. நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

அவன் வெளியே போனான். வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாசல் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் வரவில்லை.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க," என்றான் அவன். "ஒத்த ஆளா விரிக்க முடியாது."

துவைத்த கோட்டுகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறைச் சுருள் ஒன்று அவன் தோளில் இருந்தது. உறைகளை நீளவாக்கில் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கூடாரத்தின் மேல் போர்த்தினார்கள். ஓரங்களில் ஈர மணலைக் குவித்தார்கள். ஒவ்வொரு உறையிலும் கடையின் பெயரும், 'நன்றி, மீண்டும் வருக' என்ற வரியும் அச்சிடப்பட்டிருந்தன.

"இங்கயும் விளம்பரமா?" என்றாள் மகள்.

மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். மனைவி உள்ளே தலையை விட்டு அண்ணாந்து பார்த்தாள். சொட்டு நின்றிருந்தது.

"எத்தன நாள் தாங்கும்?"

அவன் சுருளில் மிச்சமிருந்ததைப் பார்த்தான்.

"ரெண்டு ராத்திரி தாங்கும்."

"அப்ப அடுப்பப் பத்த வைங்க," என்றாள். "பசிக்குது."