தெருவை அடைத்த கார்

தம்பி செல்போன் சார்ஜரைக் காரில் செருகியதும், காரை ஓட்டிக்கொண்டிருந்த அவள் வெடுக்கென்று பிடுங்கிப் பின்சீட்டில் எறிந்தாள். அது அம்மாவின் மடியில் விழுந்தது.

"என்னக்கா பண்றே? நாலு பேருக்குச் சொல்ல வேணாமா?"

"மெக்கானிக் சொன்னது காதுல விழலையா உனக்கு?"

ஆஸ்பத்திரி வாசலில் கார் கிளம்பாமல் அடம்பிடித்தபோது, மெக்கானிக் வந்து வேறொரு பாட்டரியோடு வயரை இணைத்துக் கிளப்பிவிட்டிருந்தான். "ஆல்டர்னேட்டர் செத்துப்…" என்று ஆரம்பித்தவன், அம்மாவைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "அது வேலை செய்யல. பாட்டரியில சார்ஜ் ஏறாது. இருக்கறத வச்சு வீடு போய்ச் சேர்ந்திடலாம். ஏசி, லைட்டு, பாட்டு எதுவும் போடாதீங்க. நடுவுல நிறுத்திடாதீங்க."

வாடகைக் கார் பிடிக்கலாம் என்று தம்பி சொல்லிப் பார்த்தான். "அவரு கார்லதான் வருவேன்" என்று அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பாவை ஏற்றிய ஆம்புலன்ஸ் பின்னால் வரும். அதற்குள் போய்க் கூடத்தை ஒழிக்க வேண்டும்.

கண்ணாடிகளை இறக்கியும் உள்ளே புழுங்கியது. தம்பி மீதியிருந்த சார்ஜில் யாரிடமோ பேசினான். விடியற்காலையில் அப்பா போன பிறகுதான் விமானத்தில் வந்து இறங்கியவன். "ஆமா மாமா… எங்களால முடிஞ்ச மட்டும் நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம்…"

பார்த்துக்கிட்டோமாம்! அவளுக்குச் சுறுசுறுவென்று ஏறியது. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்த கை யாருடையது? ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்தபோது, "அவசரப்படாதே, இங்க தெரிஞ்ச டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று போனிலேயே தள்ளிப்போட வைத்த வாய் யாருடையது?

அவன் போனை வைத்தான். "அப்பா வண்டியையாவது ஒழுங்கா வச்சிருக்கக் கூடாதாக்கா?"

"வண்டியையாவதா? அப்ப வேற எதை ஒழுங்கா வச்சுக்கல? சொல்லுடா!"

"நான் அப்படிச் சொல்ல வரல…"

"கேட்டுச் சொல்றேன்னியே, கேட்டியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பின்சீட்டில் அம்மா சார்ஜர் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டுத் தெருவில் திரும்பியதும் கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. சாவியைத் திருப்பினாள். டிக் டிக் என்றது, பிறகு அதுவும் இல்லை. ஒரு வண்டி போகிற அகலம்தான் தெரு. கண்ணாடியில் பார்த்தாள். ஆம்புலன்ஸ் பின்னால் வந்து நின்றிருந்தது. டிரைவர் ஹாரனுக்குக் கொண்டுபோன கையை எடுத்துக்கொண்டார்.

"இறங்குடா. அந்தக் காலி மனையில தள்ளிடலாம்."

"ஸ்டியரிங்?"

அம்மா இறங்கி முன்னால் வந்து, மகள் விட்டு இறங்கிய டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஒருநாளும் வண்டி ஓட்டாதவள்.

"சாவியைத் தொடாதம்மா. இடது பக்கம் ஒடிச்சுப் பிடி. கனமா இருக்கும், விட்டுடாதே."

அக்காளும் தம்பியும் டிக்கியில் கை ஊன்றினார்கள். தகரம் சுட்டது. "இப்பவாவது சேர்ந்து தள்ளித் தொலைடா!" அவள் கத்தினாள். அவன் செருப்பை உதறிவிட்டுத் தோளைக் கொடுத்தான். கார் அசைந்து, உருண்டு, காலி மனையின் மண்ணில் ஏறி நின்றது.

ஆம்புலன்ஸ் அவர்களைத் தாண்டி ஊர்ந்துபோய் வீட்டு வாசலில் நின்றது. பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஓட எடுத்த காலை நிறுத்தி இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இறங்கவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பிடித்தபடியே இருந்தாள்.