ஒரு கரண்டி தயிர்

எங்கள் ஆட்கள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டதிலிருந்து பால் சொசைட்டி வண்டி வரவில்லை. கறந்ததையெல்லாம் அம்மா உறை ஊற்றினாள். தெருவில் எல்லார் வீட்டிலும் தயிர். கேட்டு வர ஆளில்லை.

ராஜாம்பாள் அக்காவுக்கு மட்டும் சிறுவயதிலிருந்தே தயிர் கிடையாது. அவளுக்கு மூச்சிளைப்பு. தயிர் சளி கட்டும் என்பது வீட்டுச் சட்டம். கள்ளக்குறிச்சியில் மாலை வகுப்புக்குப் போகும் நான்தான் அதில் கைவைத்தேன். தயிரில் உயிருள்ள நல்ல கிருமிகள் இருக்கின்றன, அவை குடலில் தங்கி நோயை எதிர்க்கும் சக்தி தரும் என்று அறிவியல் ஆசிரியர் சொல்லியிருந்தார். இளைப்பைப் பற்றியும் சொன்னாரா, நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்பது இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

"உங்க சாரு மாடு மேச்சிருக்காரா?" என்றாள் அம்மா. ஆனால் வீணாகிற தயிரைப் பார்க்கப் பொறுக்காமல் அவளே கரண்டியை நீட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரல்வரை நக்கினாள். மதியம் மட்டும், புளிக்காததாக, ஒரு கரண்டி என்று ஒழுங்கு வைத்தேன். தினமும் அவள் முதுகில் காது வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது.

இன்று கூட்டுரோட்டில் டயர் கொளுத்தினார்கள். புகை தெருவுக்குள் வந்து நின்றது. சாயங்காலம் அக்காவின் நெஞ்சில் விசில் கிளம்பியது. புகையா, தயிரா? இரண்டும் உள்ளே போன பிறகு எதைக் கழித்து எதைக் கண்டுபிடிப்பது?

"இன்னாடா பண்ணி வெச்ச எம் பொண்ண?" அம்மா அலறினாள்.

மாத்திரை தீர்ந்திருந்தது. அக்காவைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கூட்டுரோட்டில் புளியமரம் குறுக்கே கிடந்தது. காவலுக்கு நின்றவர் பெரியப்பா மகன் தனசேகரன் அண்ணன்தான்.

"எங்கடா போய்க்கினு இருக்கீங்க? யாரயும் வுடக் கூடாதுன்னு..." அக்காவின் மூச்சு காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார். "டவுன் வரிக்கும் இப்பிடித்தான்டா கெடக்குது," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் நெஞ்சுலயும்... மரத்த வெட்டிப் போட்டுட்டானுங்க... போல." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "நாளைக்கி... கரண்டி உண்டா, இல்லியாடா?"

அவள் முதுகில் காதை வைத்தேன். அந்தப் பக்கம், அண்ணன் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளின் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.