மச்சாள் தைத்த கரை

கனகாம்பிகை மச்சாள் தைத்த கரை பிரிந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லண்டன் எட்மண்டனில் திரைச்சீலை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. துணியை மூன்றாக மடித்து, இரட்டைத் தையல் போட்டு, முடிவில் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். மனிதர்களையும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார். போன மாசியில் அவர் காலமானபோது, செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவருடைய கண்டிப்பைப் பற்றியே பேசினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்கோ, ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு ரயில் பெட்டிக்குள் மச்சாள் தன்னுடைய தையலோடு தானே சண்டை பிடித்த மாலைதான் நினைவில் ஓடியது. அழுதுகொண்டிருந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மச்சாள் என் கணவர் குகதாசனின் அக்கா. கலியாணம் செய்யவில்லை. சனிக்கிழமைகளில் எட்மண்டனிலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் கிங்ஸ்பரி வீட்டுக்கு வருவார். வந்ததும் என் சமையலறை அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்குவார். அதற்காக நான் ஒருநாளும் கோபித்ததில்லை. அவர் அடுக்கிய பிறகு சாமான் கைக்கு எட்டும் என்பதுதான் காரணம்.

எனக்கு இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது, தொண்ணூறாம் ஆண்டு. அந்தப் பெப்ரவரியில் ஒருநாள் நூலகத்தில் வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றேன். சந்திர கிரகணம். நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன். நிலவு செம்பு நிறத்தில் வெகு வடிவாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை மச்சாளிடமும் அதை ஆசையாகச் சொன்னேன். இரண்டு கிழமையில் பிள்ளை போய்விட்டது. மச்சாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், ஆறியிருக்கும். அவர் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறியை எனக்கு வைத்துத் தந்தார். டொக்டர் கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அதன் பிறகு வானத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். வேறு பலவற்றையும் விட்டுவிட்டேன். கடைக்குப் போனால் என்ன வேண்டும் என்று குகதாசன் கேட்பார். ஒன்றும் வேண்டாம் என்பேன்.

தொண்ணூற்றொன்று இலையுதிர் காலத்தில், நூலகத்தில் பத்திரிகைகளை மடித்து வைக்கும்போது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. லண்டனிலிருந்து குளிர்காலச் சுற்றுலா. யூஸ்டனில் இரவு ரயில் ஏறி ஸ்கொட்லாந்தின் வட முனைவரை போவது, வழிகாட்டி கூட வருவார், வானம் தெளிந்திருந்தால் இரவு வானில் நிறமாகத் தோன்றும் வடக்கு வெளிச்சம் பார்க்கலாம். அதில் படம்கூட இல்லை. வெறும் எழுத்து. ஏனோ அன்று இரவு குகதாசனிடம், “எனக்கு உதைப் பாக்க வேணும்” என்றேன். ஒன்றரை வருடத்தில் நான் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல். அவர் மறுநாளே பதிவு செய்துவிட்டார்.

பதிந்த பிறகுதான் நான் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தது. பயண நேரம் ஐந்தாம் மாதம். டொக்டர் தாராளமாகப் போகலாம் என்றார். மச்சாளுக்கு டொக்டர் சொன்னது போதவில்லை. வானத்தில் வரும் இந்த வெளிச்சம் கிரகணத்தோடு சேர்த்தியா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டிலிருந்தே கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். ஐயர் பொறுமைசாலி. கிரகணம் என்றால் ஒன்று ஒன்றை மறைக்க வேண்டும், இதில் யாரை யார் மறைக்கிறார்கள் என்று கேட்டார். மச்சாள் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு தம்பியைக் கேட்டார். குகதாசன் சூரியனிலிருந்து ஏதோ துகள் வருகிறது என்று விளக்க, அது அப்படியே ஐயருக்குப் போனது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது அதில் இல்லை, இல்லாததற்குத் தான் விதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்.

குகதாசனுக்கு நிம்மதி. மச்சாள் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“ஐயருக்கே பிடிபடேல்லை எண்டால் அது எவ்வளவு பெரிய சாமானாய் இருக்க வேணும்? நானும் வாறன்.”

வந்தார். யூஸ்டன் நிலையத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். ஒரு கையில் புட்டும் சம்பலும் கட்டிய பை. மற்றக் கையில் சுருட்டிய திரைச்சீலை. தடித்த துணி, மண்ணிறத்தில் பெரிய பூக்கள். அது அவரே தைத்தது. பொக்கற்றில் சட்டைப்பின் ஒரு பெட்டி. என் கைப்பையை வாங்கி, நகவெட்டியையும் சின்னக் கத்தரிக்கோலையும் எடுத்துக் குகதாசனிடம் கொடுத்து அவருடைய சூட்கேசின் அடியில் வைக்கச் சொன்னார். கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி எதையும் வெட்டினால் பிள்ளைக்குச் சொண்டு பிளக்கும் என்பது அவருடைய பயம். உதட்டை மச்சாள் சொண்டு என்றுதான் சொல்லுவார். வெளிச்சம் எந்த நேரம் வரும் என்று தெரியாதபடியால் பயணம் முழுக்கவே வெட்டுக்குத் தடை. தோடம்பழத்தைக்கூட அவரே கையால் உரித்துத் தந்தார்.

வழிகாட்டி இசபெல், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட இளம்பெண். வந்தவர்களில் எங்களைத் தவிர மற்ற எல்லோரும் ஓய்வுபெற்ற ஆட்கள். காலையில் இன்வர்னெஸில் இறங்கி, இரண்டு பெட்டி மட்டும் உள்ள சின்ன ரயிலில் மாறி வடக்கே போனோம். ஏறியதும் மச்சாள் செய்த முதல் வேலை, எங்கள் யன்னலுக்குத் திரைச்சீலையைக் குத்தியது. வெளியே கடலும் மலையும் ஓடிக்கொண்டிருக்க, வேடிக்கை பார்க்கக் காசு கட்டி வந்த கூட்டத்தின் நடுவில் ஒரு யன்னலில் மட்டும் மண்ணிறப் பூ. இசபெல் தயங்கித் தயங்கி வந்து, வெயில் கண்ணில் படுகிறதா என்று கேட்டாள். வெயிலே இல்லை. நான் முகம் சிவக்க விளக்கினேன். குகதாசன் கமெராவோடு நாலு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்து, எங்களைத் தெரியாத மாதிரி இருந்தார்.

விளக்கத்தைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் எதிரில் இருந்த பெர்னடெற். கில்பேர்னில் இருந்தார். அயர்லாந்துக்காரி, நாற்பது வருடம் தாதி வேலை செய்தவர். தங்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சிக்கு முன்னால் காட்டு முயல் ஓடக்கூடாது என்றார். ஓடினால் பிள்ளைக்கு முயல் மாதிரி உதடு பிளக்குமாம். அவருடைய தாய் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதெல்லாம் வயல் பக்கமே போகமாட்டாராம். நான் இதைத் தமிழில் சொன்னதும் மச்சாள் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

“தப்பித் தவறி ஓடினால் என்ன செய்யிறதாம்? கேள்.”

உடுத்திருக்கும் பாவாடையின் கரையை அந்த இடத்திலேயே கொஞ்சம் கிழித்துவிட வேண்டும், பிளவு துணியோடு போய்விடும், பிள்ளைக்கு வராது என்றார் பெர்னடெற். தாதியாகத் தான் அதை நம்பவில்லை, ஆனால் தன்னுடைய பாவாடை இரண்டு தரம் கிழிந்திருக்கிறது என்றும் சொன்னார். மச்சாள் நெடுநேரம் யோசித்தார். பிறகு புட்டுப் பையை அவிழ்த்துப் பெர்னடெற்றுக்கு ஒரு பங்கு வைத்தார். அது அவர் லேசில் செய்யும் காரியம் அல்ல.

வட முனையில் இரண்டு நாள் தங்கினோம். இரண்டு நாளும் முகில். இசபெல் வானத்தைத் தானே மூடிவிட்டது போல எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுத் திரிந்தாள். மச்சாளுக்கு அப்படியொரு சந்தோஷம். காலையில் எழும்பி யன்னலால் பார்த்து, “நல்ல முகில்” என்பார். அழாத குறையாக நின்ற இசபெலுக்குப் பயற்றம் பணியாரம் கொடுத்து ஆறுதல் சொன்னார். எனக்கு முகிலைப் பார்க்கப் பார்க்க மனம் இரண்டாக இருந்தது. ஒரு பாதி அப்பாடா என்றது. மற்றப் பாதி, பார்க்காமல் வீட்டுக்குப் போனால் இனி ஒன்றையும் கேட்கமாட்டாய் என்றது.

மூன்றாம் நாள் மாலை திரும்பும் ரயில். ஏறியதும் மச்சாள் மறுபடியும் யன்னலுக்குத் திரைச்சீலையைக் குத்தினார். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வழியில், வெறும் சதுப்பு நிலத்தின் நடுவே உள்ள ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நின்றது. ஒற்றைப் பாதை. எதிரில் வரும் ரயில் கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது ரயில் கார்ட் வந்து இசபெலின் காதில் ஏதோ சொன்னார். இசபெல் இருக்கையில் ஏறி நின்றாள். முகில் விலகிவிட்டது, வந்துவிட்டது, எங்கள் பெட்டியின் விளக்குகளை அணைக்கப் போகிறார்கள், மற்ற ரயில் வரும்வரைதான் நேரம் என்றாள்.

விளக்கு அணைந்தது. எல்லா யன்னலிலும் மெல்லிய பச்சை. ஒரு யன்னலில் மட்டும் கறுப்பு. எங்கள் யன்னலில்.

ஆட்கள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு திரைச்சீலையைப் பார்த்தபடி இருந்தேன். பிள்ளை உள்ளே ஒரு தரம் அசைந்தது. பஸ் தரிப்பில் பார்த்த செம்பு நிலா ஞாபகம் வந்தது. பார்த்து, இந்த முறையும் அப்படி நடந்தால் என்னை நான் மன்னிக்கமாட்டேன் என்று தெரியும். பார்க்காமல் விட்டால், பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இந்தப் பயத்தைத்தான் கொடுப்பேன் என்பதும் தெரிந்தது.

“மச்சாள், நான் பாக்கப் போறன்” என்றேன்.

மச்சாள் இருட்டில் தடவி என் கையைப் பிடித்தார். பிறகு, “பெர்னடெற்றைக் கேள். முயலுக்குச் செய்யிறது வெளிச்சத்துக்குக் கேக்குமோ எண்டு” என்றார்.

கேட்டேன். பெர்னடெற் கொஞ்சமும் யோசிக்கவில்லை. எது வந்தாலும் போவது உதடுதானே, அதனால் கேட்கும் என்றார்.

“சொண்டு ஒண்டுதானே. ஓம், அது சரி” என்று மச்சாள் எழும்பினார்.

ஆனால் கிழிக்க என்னிடம் பாவாடை இல்லை. குளிருக்குக் குகதாசனின் காற்சட்டையைப் போட்டிருந்தேன். மச்சாள் ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தார். திரும்பிச் சட்டைப்பின்களைப் படபடவென்று கழற்றினார். என் முகத்தைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, திரைச்சீலையை என் இடுப்பில் சுற்றி இறுக்கிச் செருகினார். “இப்ப இது உன்ரை பாவாடை. கண்ணை மூடு.” மூடினேன். அவர் குனிந்து கரையைப் பிடித்து இழுத்தார்.

கரை கிழியவில்லை.

மூன்று மடிப்பு, இரட்டைத் தையல். மச்சாள் மறுபடியும் இழுத்தார். பெர்னடெற் தன் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து நீட்டினார். இரும்பு படவே கூடாது என்று மச்சாள் அதைத் தட்டிவிட்டார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நடுவில் நான் கண்ணை மூடியபடி, கயிறிழுப்புக் கயிறு மாதிரி அங்கும் இங்கும் ஆடினேன். தூரத்தில் மற்ற ரயிலின் வெளிச்சம் தெரிகிறது என்று இசபெல் சொல்வது கேட்டது.

“ஆர் உதை இப்பிடித் தைச்சது” என்றார் மச்சாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீங்கள்தான் அக்கா” என்றது இருட்டுக்குள் குகதாசனின் குரல்.

“நீ பொத்து வாயை.”

அடுத்து அவர் தரையில் முழங்காலில் இருந்து கரையைப் பல்லால் கடித்தார். ஒரு நூல் அறுந்தது. இன்னொன்று. பிறகு அந்த அமைதியான பெட்டிக்குள் சர்ரென்று நீளமாக ஒரு சத்தம். யாரோ கை தட்டினார்கள்.

“இப்ப பார், பிள்ளை.”

பார்த்தேன். வானத்தின் அடியில் பச்சை நிறம் ஒரு பட்டையாகக் கிடந்தது. நான் பார்க்கக் காத்திருந்தது போல, அது மெல்ல எழும்பி ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு அசைந்து போனது. சத்தமே இல்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நன்றாகப் பசித்தது.

மச்சாள் முதலில் யன்னலுக்கு முதுகைக் காட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெர்னடெற்தான் தோளில் பிடித்து அவரைத் திருப்பிவிட்டார். மச்சாள் பார்த்தார்.

“பயறு அவிச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு. உதுக்கே இவ்வளவு காசு?”

அப்படிச் சொன்னவர் பிறகு திரும்பவில்லை. வெளிச்சம் மடிந்து மடிந்து விரிந்தபோது கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். மற்ற ரயில் வந்து கடந்து, எங்கள் விளக்குகள் எரிவதற்குச் சற்று முன், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

“மடிப்பு நல்லாய் விழுந்திருக்கு. கரைதான் தைக்கேல்லை.”

குகதாசன் எடுத்த படங்கள் எல்லாம் கறுப்பாக வந்தன. அதில் யாருக்கும் கவலை இல்லை.

யூன் மாதம் பிள்ளை பிறந்தது. மச்சாள் தொழிற்சாலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். உடுப்பில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குள் குனிந்து, சுண்டுவிரலால் பிள்ளையின் மேலுதட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவிப் பார்த்தார், தைத்து முடித்த கரையைப் பார்ப்பது போல. அதன் பிறகுதான் பெட்டையோ பெடியனோ என்று கேட்டார். பெட்டை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, என்னிடம் சில்லறை வாங்கிக்கொண்டு நடைபாதையில் இருந்த தொலைபேசிக்குப் போனார். கதவு திறந்தே கிடந்தது. மச்சாள் தொலைபேசியில் எப்போதும் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் திரட்டிப் பேசினார்.

“பெர்னடெற்? லிப் குட்.”