ஒரு புள்ளிகூட விழாத பிளம்

பிளம் மரத்துக்குள் வைரஸின் மரபணுத் துண்டு ஒன்றைப் புகுத்தி, அந்த வைரஸே அண்டாத மரத்தை உருவாக்கிவிட்டதாக இயக்குநர் அறிவித்தபோது ஆய்வகமே கைதட்டியது. அங்கே மரங்களுக்கு ஒட்டுக் கட்டுகிறவள் மட்டும் தட்டவில்லை. அவள் கையில் கத்தி இருந்தது.

நோய் மரங்களுக்கு நடுவே மூன்று வருடம் நின்றும் இலையில் ஒரு புள்ளிகூட விழவில்லை என்பதுதான் இயக்குநரின் சான்று. அதை அவர் கண்ணாடி போட்டும் பார்த்தார், போடாமலும் பார்த்தார். ஒட்டுக்காரி அந்த மரத்து மொட்டு ஒன்றை எடுத்து, எந்த நோயையும் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும் பீச் நாற்றில் கட்டினாள். ஆறு வாரத்தில் நாற்றின் இலையெல்லாம் மஞ்சள் வளையம். தொட்டியைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தாள்.

"மரத்துக்குள்ள வைரஸ் இருக்கு சார். வெளியதான் காட்டல. அசுவினிப் பூச்சி சாறை உறிஞ்சிட்டுப் பறந்தா போதும், பக்கத்துத் தோப்பு காலி."

"நாத்துக்கு நோய் வந்தா என் மரம் என்னம்மா பண்ணும்?"

தொட்டியைக் குப்பையில் போடச் சொன்னார். மேசையைத் துடைக்கவும் சொன்னார்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடுமே. முதல் இருபது கன்றுகளைத் தங்கைக்கே கொடுத்தார். கணவனை இழந்தவளுக்கு எழுநூறு பீச் மரங்கள்தான் சோறு. கன்றுகளுக்கு ஒட்டுக் கட்ட மறுத்தவளைக் குடுவை கழுவப் போட்டுவிட்டு, வேறு ஆளை வைத்துக் கட்டினார். விஷயம் காதுக்கு எட்டியதும் தங்கை தயங்கினாள். கத்தி பிடிக்கிறவளுக்கு மரபணு தெரியுமா என்று சிரித்து, பீச் வரிசைகளுக்கு நடுவே அண்ணனே நட்டுவைத்தார்.

இரண்டாம் வருடம் பீச் இலைகளில் வளையம் விழுந்தது. மூன்றாம் வருடம் பழம் தழும்பேறி உதிர்ந்தது. நோய் கண்ட மரங்களைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்பது விதி; உத்தரவில் கையெழுத்திட வேண்டியவர் இயக்குநர். பாதிக் கையெழுத்தில் பேனா நின்றுபோனது. வேறு பேனா வாங்கி முடித்தார்.

சாம்பலுக்கு நடுவே இருபது பிளம் மரங்கள் மட்டும் பச்சையாக நின்றன. புள்ளி விழாத மரத்தை எரிக்க விதியில் இடமில்லை.

"அண்ணா, இனி நான் எதை வச்சுப் பொழைக்கிறது?" என்றாள் தங்கை, தரையில் உட்கார்ந்தபடி.

இயக்குநரின் மரத்தைப் பற்றிய கட்டுரைக்குப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரர் காத்திருந்தார். வெளிச்சமும் நன்றாக இருந்தது.

"கொஞ்சம் எந்திரிச்சு மரத்துப் பக்கத்துல நில்லும்மா. எழுநூறு மரம் செத்த எடத்துல இது மட்டும் நிக்குது. இதவிடப் பெரிய சாட்சி வேற எது?" என்றார் அண்ணன்.

அவள் எழுந்து நின்றாள். முகம் சரியில்லை என்று கட்டுரையில் அவளை நீக்கிவிட்டு மரத்தை மட்டும் போட்டார்கள்.