பெண்கள் கனத்துப்போன வருஷம்

மேட்டு நிலத்தில் மழை பொய்த்து ஆட்கள் பிழைப்புத் தேடி வந்து இறங்கிய வருஷத்தில், மீன் டப்பா தொழிற்சாலையின் கேட்டில் நிற்கும் பெண்களின் ஊடாகப் பின்னாலிருந்த சுவர் தெரிய ஆரம்பித்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ரத்தமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கூட்டம் அதிகமானால் அப்படித்தான் என்றார். கொஞ்சம் பேர் நின்ற காலத்தில் ஒவ்வொருத்தியும் தூண் மாதிரி தெரிந்தாள். கூட்டம் கூடக் கூட முதலில் ஈரத்துணி போல ஆனார்கள், பிறகு பாலில்லாத தேநீர் போல. கூலியும் கூடவே இறங்கியது. மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. "நானா குறைக்கிறேன்? காலைல ஜன்னலைத் திறந்து வாசலைப் பார்க்கிறேன். கண்ணுக்கு எவ்வளவு தெரியுதோ அவ்வளவு சொல்றேன்" என்பார். அதை அவர் மனதார நம்பவும் செய்தார்.

செதிலக்கா அந்தக் கேட்டில் பழைய ஆள். எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியில் இரண்டு மீன் செதில் மின்னிக்கொண்டிருக்கும் என்பதால் அந்தப் பெயர். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். ஊரில் புருஷனை இழந்த தங்கை கைக்குழந்தையோடு காய்ந்துபோய்க் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், கிளம்பி வா, இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினாள். சொல்லியனுப்பிய நேரத்தில் வேலை இருந்தது. தங்கை வந்து சேர்வதற்குள் அதே மாதிரி எல்லா அக்காக்களும் எல்லாத் தங்கைகளுக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

முதல் சில மாதம் அக்கா தங்கை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் தலைமாடு கால்மாடாகப் படுத்தார்கள். கூலி இறங்க இறங்கப் பேச்சு குறைந்தது. தன் முகமே தனக்குச் சரியாகத் தெரியாமல் போனபோது செதிலக்கா கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினாள். ஒருநாள் காலை சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தங்கையைக் கூப்பிட்டார். பக்கத்திலேயே நின்ற அக்காவை அவருக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தங்கை வாங்கிவந்த ரொட்டியைச் செதிலக்கா தொடவில்லை.

"நீ வராம இருந்திருந்தா நான் இந்த கதிக்கு ஆளாகியிருக்க மாட்டேன்" என்றாள்.

"நீதானேக்கா வரச் சொன்ன" என்றாள் தங்கை.

மறுநாள் தங்கை தேநீர்கூடக் குடிக்காமல், குழந்தையை வழக்கம்போலப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முதல் படகுக்குக் கிளம்பிவிட்டாள். தொழிற்சாலை அக்கரையில் இருந்தது. அவளுக்கு எதிரே உட்கார்ந்து மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே என்று செதிலக்கா பாலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தே போனாள். ஆட்கள் கண்ணுக்குப் பிடிபடாததால் எத்தனை பேர் ஏறினார்கள் என்று படகுக்காரருக்குத் தெரியவில்லை. பாதிப் படகு காலி என்று நினைத்து இன்னும் ஏறச் சொன்னார். நடு ஆற்றில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு நிமிரவேயில்லை.

கரையில் கிடத்தியபோது எல்லோரும் முழுசாகத் தெரிந்தார்கள். மாதக்கணக்கில் மங்கலாகவே பார்த்துப் பழகிய தங்கையின் முகத்தைச் செதிலக்கா குனிந்து பார்த்தாள். காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்ததை மறந்தே போயிருந்தாள். புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று யாரோ கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தொழிற்சாலை திறந்தபோது கேட்டில் கொஞ்சம் பேர்தான் நின்றார்கள். அத்தனை பேரும் கருங்கல் மாதிரி தெரிந்தார்கள். நிழல் மையைக் கொட்டியதுபோல விழுந்தது, கால்கள் தார் ரோட்டில் பதிந்தன. மேனேஜரே மாடியிலிருந்து இறங்கிவந்து, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். யாரும் கேட்காமலே கூலி இரண்டு மடங்கானது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உள்ளே போனார்கள். முதல் வாரக் கூலியை வாங்கச் செதிலக்காவுக்குக் கை நீளவில்லை. கூட வேலை செய்யும் நெட்டச்சிதான் அதை வாங்கி அவள் மடியில் வைத்தாள்.

"வச்சுக்கோ. நீ வாங்கலேன்னா அவ எழுந்து வந்துடுவாளா? அவ பொண்ணுக்குச் சோறு வேணாமா?"

அந்தக் கூலியில் தங்கையின் மகள் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போனாள், வருஷத்துக்கு ஒரு செருப்பு போட்டாள். செதிலக்கா மட்டும் வருஷத்துக்கு வருஷம் கனத்தாள். கட்டில் உடைந்தது, மாடிப்படி இரண்டு விரிந்தது, கீழே சைக்கிள் கடைக்காரர் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். கூலி கூடினால் சதை போடும் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். அவள் சாப்பிடுவதோ ஒரு பிடி.

பெண்ணுக்குப் பதினைந்து வயதாகும்போது கடலோரப் பக்கம் வெள்ளம் வந்து, மறுபடியும் ஆட்கள் மூட்டை முடிச்சோடு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. கேட்டில் நிற்கும் பெண்கள் கூடிப் பேசினார்கள். நெட்டச்சி வந்து, "நீ பாலத்துல போய் உட்கார்ந்தா போதும். உன்னைத் தாண்டி ஒரு பய வர முடியாது" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. வளரும் பெண்ணை வைத்துக்கொண்டு செதிலக்கா வேறென்ன நினைப்பாள்? போய் நடுப்பாலத்தில் உட்கார்ந்தாள். பாலம் ஒரு முனகல் முனகி அடங்கியது.

மதியவாக்கில் வந்தார்கள். முன்னால் வந்தவள் இடுப்புக் குழந்தையை இறக்காமலே கேட்டாள்: "வேலை இருக்காக்கா?"

செதிலக்கா அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். கூட வந்த பெண்கள் செதிலக்காவின் வாயையே பார்த்தார்கள்.

"இருக்கு" என்றாள் கடைசியில். "ஆனா இங்க ஓடுற படகுல மட்டும் ஏறாதீங்க. எவ்வளவு அவசரமா இருந்தாலும் நடந்தே வாங்க." கையூன்றி எழுந்து, கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

கூலி அந்த மாதமே இறங்கியது. நெட்டச்சி மழைக்காலம் முடியும்வரை அவளோடு பேசவில்லை, அப்புறம் பேசினாள். செதிலக்காவின் ஊடாகச் சுவர் தெரிந்தது, சுவரில் இருந்த ஆணி தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட காலைகளில் தங்கை மகள், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து மீன் கத்தி தீட்டும் பெரியம்மாவை நகரச் சொல்வதில்லை. அவள் ஊடாகவே பார்த்து வகிடெடுத்துப் பின்னிக்கொண்டு, "போயிட்டு வர்றேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.