பொய்ச் சைகை

எங்கள் ஊரில் தோள் உரசினால் 'பெர்தோன்'. தும்மினாலும் அதுதான். மன்னிப்பை இப்படிச் சில்லறையாக வாரி இறைப்பவர்களுக்கு, நிஜமாகத் தேவைப்படும்போது மட்டும் வாய் வராது. எனக்கு ஏழு வருடமாக வரவில்லை.

ஒனேசிமோவும் நானும் முப்பது வருடம் மூஸ் என்ற சீட்டாட்டத்தில் ஜோடி. எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்கு முகத்தால் சைகை காட்டலாம். கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா. கண்ணை மூடினால் கையில் ஒன்றுமில்லை. பொய்ச் சைகை காட்டுபவன் மட்டும் மனுஷனே இல்லை.

ஏழு வருடத்துக்கு முன், திருவிழாச் சீட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். கடைசிப் பந்தயத்தில் நான் பயந்து ஒதுங்கியதால் தோற்றோம். அவன் சீட்டை விரித்தான், ஜெயித்திருக்க வேண்டிய கை. இரண்டு ராஜா.

"அப்புறம் ஏன்டா கண்ணை மூடுன? பொய்ச் சைகை காட்டுறியா?" என்று மதுக்கடையே கேட்கக் கத்தினேன்.

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உண்மையில் நான் அவன் முகத்தையே பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள், அதில் மயங்கியிருந்தேன். கத்தி முடிக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு என்னோடு ஜோடி சேர ஆளில்லை. "ராசா, உன்கூட உக்காந்தா நாளைக்கு நானும் பொய்யன்" என்று சிரித்தே கழற்றிவிடுவார்கள். ஏழு குளிர்காலம் தனியாகக் காப்பி குடித்தேன். தனிமை என்னைத் தின்றது, சும்மா சொல்லக்கூடாது.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒனேசிமோவைப் போன வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு போய்விட்டது. இனி அவனால் என்னைத் திட்டக்கூட முடியாது. அதை நினைத்துத்தான் கிளம்பினேன்.

அவன் தங்கை விசி கதவைத் திறந்தாள். "அடேயப்பா, எவுத்தீமியோவா! வழி தெரிஞ்சுதா? ஏழு வருஷமா வாய்க்குப் பூட்டு போட்டிருந்தீங்களே!"

நேரே உள்ளே போனேன். ஒனேசிமோ படுத்திருந்த கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன், ஆட்டத்தில் உட்காருவது போல.

"ஒனேசிமோ, அன்னைக்கு நான் உன் முகத்தையே பாக்கலடா. பொய் சொன்னது நான்தான். மன்னிச்சிரு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கோணிய வாய் அசைந்தது. பல்லுக்குள் கீழுதட்டை இழுக்கப் பார்த்தான், நழுவியது. மறுபடி இழுத்தான். எச்சில் வழிந்தது.

விசி துண்டோடு குனிந்தாள்.

"துடைக்காத விசி," என்றேன். "ரெண்டு ராஜா வச்சிருக்கான்."